முதலாளி காரின் கனமான பார்ட்

சென்னியப்பனின் ஸ்போர்ட்ஸ் காருக்கு முப்பது வயசு. ஒவ்வொரு ஆயுதபூஜைக்கும் மலைக்கோயில் ஏற்றத்தில் மச்சானின் புதுக் கார் அதை முந்திவிடும். ஒன்றரை சீட்டை அடைத்து உட்காரும் சென்னியப்பனுக்கு அது பொறுக்கவில்லை. தன் ஷெட்டில் வாடகைக்கு ஒர்க்‌ஷாப் நடத்தும் மெக்கானிக் பொன்னாத்தாளைக் கூப்பிட்டார்.

“டர்போ வைப்பியோ, பெரிய கார்புரேட்டர் வைப்பியோ, இந்த வருஷம் நம்ம கார்தான் முதல்ல மேல போகோணும். ஆனா அப்பா வாங்கின எஞ்சின்ல ஸ்பேனர் படக்கூடாது. தோத்தா ஷெட்டைக் காலி பண்ணிப்போடு!”

பொன்னாத்தாள் காரைப் பார்த்தாள். அவரையும் பார்த்தாள். “எஞ்சினைத் தொடலீங்க. கனமான பார்ட் ஒண்ணை மட்டும் கழட்டிக்கட்டுங்களா?”

“எதையோ கழட்டு!”

பூஜையன்று அடிவாரத்தில் மச்சான் குடும்பத்தோடு தயாராக நின்றார். ஸ்டியரிங்கில் இருந்த பொன்னாத்தாள், “டயருக்கு எலுமிச்சம்பழம் உங்க கையால வெச்சாத்தானுங்க ராசி” என்றாள். பக்கத்து சீட்டிலிருந்து சென்னியப்பன் இறங்கி, மூச்சு வாங்கக் குனிந்து, பழத்தை வைத்துவிட்டு நகர்ந்ததுதான் தாமதம். பழம் நசுங்கியது, கார் பறந்தது.

மச்சான் மேலே வந்தபோது அவள் பாதிச் சுண்டலைத் தின்றிருந்தாள். வெகுநேரம் கழித்து, வேர்த்து வடிய வந்து சேர்ந்தார் சென்னியப்பன். மச்சானின் தொங்கிய முகத்தைப் பார்த்ததும் கோபமெல்லாம் போன இடம் தெரியவில்லை.

“ஜெயிச்சுப்போட்டமல்ல! அது சரி, கழட்டின பார்ட் எங்கே?”

“இப்பத்தானுங்க நடந்து வந்து சேர்ந்துச்சு.”