மாட்டாஸ்பத்திரிக் கருவி

வாகைப்பொத்தை அடிவாரத்தில் நில அதிர்வைப் பதிவு செய்கிற சின்ன நிலையம் ஒன்று இருந்தது. ஊரைச் சுற்றி ஐந்து இடங்களில் அதன் கருவிகள் இருந்தன; ஒன்று மாட்டாஸ்பத்திரியில். கோமதி அம்மாள் நிலையத்தைப் பார்த்துக்கொண்டார். போஸ்ட் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்ற கனகசபாபதி அவரிடம் பாடம் கேட்க வந்தார். குருவைவிடச் சீடருக்குப் பன்னிரண்டு வயது கூடுதல்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பூமி குலுங்கியது. ஆண்டவன் கிருபை, உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. நாற்பது வீட்டுச் சுவர் வெடித்தது.

கிணறு வெட்டுகிற சொரிமுத்து வைத்த வேட்டுதான் காரணம் என்று ஊர் சொன்னது. அன்று காலையில் அவர் வேட்டு வைத்ததும் உண்மை. நிலையத்திலிருந்து எழுத்து வரட்டும், வந்ததும் அவரைக் குடும்பத்தோடு ஊரைவிட்டு அனுப்பிவிடலாம் என்று கூட்டம் போட்டுப் பேசியிருந்தார்கள்.

வியாழக்கிழமை கனகசபாபதி வரைபடத்தோடு வந்தார். கோமதி அம்மாள் ஒரு நிமிடம் கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டு அதை வாங்கினார்.

"இடம் கிடைச்சுதா ஐயா?"

"கிடைச்சுதும்மா. முதல் அலைக்கும் ரெண்டாவது அலைக்கும் எத்தனை நொடி இடைவெளின்னு பார்த்தேன். அதை வச்சு ஒவ்வொரு கருவியிலேருந்தும் தூரம் கணிச்சு வட்டம் போட்டேன். அஞ்சு வட்டமும் சொரிமுத்து வெட்டுற கிணத்துப் பக்கத்துலதான் சேருது. ஆழமும் அதிகமில்லை."

"முதல் அசைவு?"

"நாலு கருவியில கோடு மேல ஏறுது. தரை வெளிப்பக்கமாத் தள்ளப்பட்டிருக்கு. வேட்டுன்னா நாலா பக்கமும் தள்ளத்தானே செய்யும்? எழுதிக் கொடுத்துர வேண்டியதுதான்."

"கருவி அஞ்சு இருக்கே."

"அந்த மாட்டாஸ்பத்திரிக் கருவியா? அதுல கோடு கீழ இறங்குது. தரை உள்பக்கமா இழுபட்டுதாம். கம்பியை மாத்திக் கட்டியிருப்பாங்க. அதை விட்டுட்டேன்."

"வட்டம் போட மட்டும் சேர்த்துக்கிட்டீங்களோ?"

"அலை வந்த நேரம் பார்க்க எடுத்துக்கிட்டேன்."

"நேரத்துக்கு ஆகுற சாட்சி திசைக்கு ஆகாதாக்கும்," என்று கோமதி அம்மாள் சிரித்தார். "உங்க வீட்டுச் சுவர் எப்படி இருக்கு?"

"அடுக்களைச் சுவர்ல கையே நுழையுதும்மா."

"கோபம் வரத்தான் செய்யும்." பிறகு சொன்னார்: "போன மாசம் கடலுக்கு அந்தப் பக்கம் பெரிய பூகம்பம் வந்துதே. அன்னைக்குப் பதிவான சீட்டை எடுங்க."

அவர் எடுத்தார். அவ்வளவு தூரத்திலிருந்து வந்த அலை என்பதால், ஐந்து கருவிக்கும் அது ஒரே மாதிரிதான் வந்திருக்க வேண்டும். ஐந்திலும் கோடு மேலேதான் ஏறியிருந்தது. கம்பி மாறியிருந்தால் மாட்டாஸ்பத்திரிக் கோடு மட்டும் தலைகீழாக இருந்திருக்கும்.

கனகசபாபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, திரும்பவும் மாட்டிப் பார்த்தார்.

"கம்பி சரியாத்தான் இருக்கு."

"தோள்ல கிடக்கிற துண்டைக் கொடுங்க."

கோமதி அம்மாள் துண்டை மேஜைமேல் விரித்தார். நடுவில் உள்ளங்கையை வைத்து மெல்ல முன்னால் நகர்த்தினார்.

"கைக்கு முன்னால என்ன?"

"துணி தள்ளுபட்டுச் சுருங்குது."

"பின்னால?"

"இழுபடுது."

"இப்ப வேட்டு வெடிக்கிற மாதிரி நீங்க செய்யுங்க. ஒரு பக்கமாவது இழுபடணும்."

கனகசபாபதி நடுவில் கையைக் குவித்து வைத்து விரல்களை விரித்தார். எல்லாப் பக்கமும் தள்ளியது. இன்னொரு முறை செய்தார். இடது கையாலும் செய்து பார்த்தார்.

எந்தப் பக்கமும் இழுபடவில்லை. துண்டை மடித்தார்.

"அடியில பாறையோட பாறை உரசி நழுவியிருக்கும்மா. இது வேட்டு இல்லை." பென்சிலை எடுத்துத் தள்ளல் நான்கையும் இழுப்பு ஒன்றையும் வரைபடத்தில் குறித்தார். "ஆனா நழுவின பிளவு மலையை ஒட்டிப் போகுதா, குறுக்கே போகுதான்னு இதை வச்சுச் சொல்ல முடியலை. ரெண்டுக்கும் பொருந்துது."

"தெரியலைன்னே எழுதுங்க."

எழுதினார். ஊர்த்தலைவருக்குக் கொடுக்கக் காகிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வாசல்வரை போனவர் நின்றார்.

"அம்மா, அந்த மாட்டாஸ்பத்திரியில நாம கருவியே வைக்காம இருந்திருந்தா?"

"சொரிமுத்து இந்நேரம் பிள்ளைகளோட பஸ்ஸுக்கு நின்னுக்கிட்டிருப்பாரு," என்றார் கோமதி அம்மாள். "நாலு கருவியை வச்சு நம்ம கணக்கும் சரியாத்தான் இருந்திருக்கும்."