மருதாசாரியின் கோழிக்கூடு

இன்று ஒற்றையடிப் பாதையும் எருக்கஞ்செடியுமாகக் கிடக்கிற மேட்டுநிலம், ஒரு காலத்தில் கோட்டையும் கொடியுமாக இருந்தது. அதை அரையன் ஒருவன் ஆண்டுவந்தான். அவன் ஆட்சியில் மூன்று ஊர்கள் இருந்தன. அந்த மூன்று ஊருக்கும் சேர்த்து ஒரே ஒரு தச்சன் இருந்தான். மருதாசாரி என்று பேர். இந்தக் கதை அவனுடையது. கொஞ்சம் கசக்கும், ஆனாலும் கேளுங்கள்.

ஒரு கோடையில் கோழிகளுக்குக் கழிச்சல் நோய் வந்தது. முதல் வாரம் ஓர் ஊர்க் கோழி செத்தது. அடுத்த வாரம் அடுத்த ஊர்க் கோழி. மூன்றாம் வாரம் சேவல் கூவும் சத்தமே கேட்காமல் மூன்று ஊரும் விடிந்தன. பிள்ளை பெற்றவளுக்கு ஒரு முட்டை கிடையாது. சாமிக்கு நேர்ந்துவிட ஒரு குஞ்சு கிடையாது.

தேடித் தேடிப் பார்த்ததில் எட்டுப் பெட்டையும் ஒரு சேவலும் மிஞ்சியிருந்தன. விதைநெல்லைப்போல இவற்றைக் காப்பாற்ற வேண்டும் என்று ஊரார் முடிவு செய்தார்கள். மருதாசாரியின் கொல்லையில் கூடு கட்டி வைப்பது, குஞ்சு பொரித்ததும் வீட்டுக்கு ஒன்றாகப் பங்கிடுவது என்று பேச்சு.

கூடு கட்டுவதில் மருதாசாரி ஒரு குறையும் வைக்கவில்லை. பெருச்சாளி தோண்டக் கூடாதென்று சுவருக்கு அடியில் முழ ஆழத்துக்குக் கருங்கல் போட்டான். பாம்பு நுழையக் கூடாதென்று மூங்கில் சிம்புகளை விரல்கூடப் போகாத நெருக்கத்தில் பின்னினான். கோழி மேய முன்னால் ஓர் அடைப்பு விட்டு, பருந்து இறங்கக் கூடாதென்று அதற்கு மேலே பனைநார் வலை கட்டினான். உள்ளே ஏறி உட்காரப் பரண், தரையில் சாம்பல், கதவுக்கு வைரம் பாய்ந்த மரத்தில் தாழ்ப்பாள். அரையனே வந்து குனிந்து பார்த்தான்.

“கோட்டைக்குப் புதுக் கதவு செய்யவேண்டும். அதையும் நீதான் செய்கிறாய்” என்று சொல்லிவிட்டுப் போனான்.

அந்தச் சொல் மருதாசாரியின் தலைக்கு ஏறிவிட்டது. ஏறாமல் இருக்குமா? அன்றுமுதல் கூட்டைப் பார்க்க வருகிறவர்களுக்குக் கல்லைக் காட்டுவான், பின்னலைக் காட்டுவான், தாழ்ப்பாளைப் போட்டுக் காட்டுவான். கோழியை மட்டும் அவன் மனைவி சிலம்பாயி பார்த்துக்கொண்டாள். சாம்பல் மாற்றுவது, தண்ணீர் வைப்பது, சாயங்காலம் எண்ணி அடைப்பது எல்லாம் அவள் வேலை. அடைத்தபின் ஒரு குச்சியால் சுவரடியைச் சுற்றிலும் குத்திப் பார்ப்பாள்.

மழை பிடித்தது. ஒருநாள் சிலம்பாயி சொன்னாள்: “இங்க வந்து பாருங்க. சுவரடியில மண்ணு புதுசாக் கெடக்கு. பெருச்சாளி கெளறுன மாதிரி தெரியுது.”

“முழ ஆழத்துக்குக் கல்லு போட்டிருக்கேன். பெருச்சாளி பல்லுதான் ஒடையும்” என்றான் மருதாசாரி. எழுந்துபோய்ப் பார்க்கவில்லை.

இரண்டாம் முறை அவள் அவனிடம் சொல்லவில்லை. மழையில் இரண்டு கல்லுக்கு நடுவே மண் கரைந்து ஒரு கை நுழையும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தது. முள்ளை மடக்கித் திணித்து, மேலே களிமண்ணை அப்பிவிட்டாள். மறுநாள் அரையனின் ஆட்கள் கூட்டைப் பார்க்க வருவதாக இருந்தது. மருதாசாரி அந்த ஒட்டு வேலையைப் பார்த்தான். முகம் சிவந்துவிட்டது.

“ஆசாரி வேலையில ஒட்டுப் போட்டிருக்குன்னு அவங்க போய் அரையன்கிட்டச் சொல்லவா? என் கைவேலை மேல ஒனக்கே நம்பிக்கை இல்லையா?” என்று கத்தினான். முள்ளைப் பிடுங்கி எறிந்தான். பள்ளத்தின்மேல் மண்ணைத் தூவி, காலால் மட்டமாகத் தேய்த்துவிட்டான். பார்வைக்கு அழகாக இருந்தது.

மூன்றாம் முறை அவள் கெஞ்சினாள். “ரெண்டு நாளைக்குக் கோழிங்கள வீட்டுக்குள்ள வச்சுக்கறேன். அடைக்கோழி பதினஞ்சு முட்டை மேல உக்காந்திருக்கு. நாலு நாள்ல பொரிச்சிடும்.”

“வீட்டுக்குள்ள வச்சா, ஊரு என் கூட்டைப் பாத்துச் சிரிக்கும்” என்றான்.

அடுத்த நாள் உச்சிப்பொழுது. தூறல் விழவே சிலம்பாயி கோழிகளை உள்ளே அடைத்து, தாழ்ப்பாள் போட்டு, இழுத்தும் பார்த்துவிட்டுத் தண்ணீருக்குப் போனாள். மருதாசாரி கோட்டைக் கதவுக்கு மரம் பார்க்கப் போயிருந்தான்.

மண் தூவி மூடிய அந்தப் பள்ளத்தில் பெருச்சாளி தோண்டிய வளை வழியாகக் கீரி வந்தது. கீரி தின்பதற்கு மட்டும் கொல்வதில்லை. சிலம்பாயி திரும்பிவந்தபோது ஆறு பெட்டைகள் கழுத்து கடிபட்டுக் கிடந்தன. பரணின் உச்சியில் சேவலும் இரண்டு பெட்டையும் ஒட்டிக்கொண்டு நின்றன. அடைக்கோழி எழுந்து ஓடவே இல்லை. முட்டையின் மேலேயே செத்திருந்தது. முட்டைகளும் உடைந்து கிடந்தன. நல்ல உயிர், அதை நினைத்தால் இப்போதும் எனக்கு மனசு தாங்குவதில்லை.

மூன்று ஊரும் கோட்டை வாசலில் கூடின.

“ஆசாரி கட்டுன கூட்டுல காத்து நுழையறதுக்கே எடம் கெடையாது” என்றார் ஓர் ஊர்ப் பெரியவர்.

“அப்போ கதவுதான் தொறந்து கெடந்திருக்கணும்” என்றார் அடுத்தவர்.

“கதவு இவ பொறுப்பு” என்று சிலம்பாயியைக் காட்டினார் மூன்றாமவர்.

பார்த்தீர்களா? ஒருவன் வேலையை வானளாவப் புகழ்ந்ததில், பழி எவ்வளவு சுலபமாக இன்னொருத்தியின் தலையில் போய் உட்கார்ந்தது!

அரையன் கேட்டான்: “கதவை அடைத்தாயா?”

“அடைச்சேன் சாமி.” அவ்வளவுதான் சொன்னாள். பிடுங்கி எறிந்த முள்ளைப் பற்றி வாயே திறக்கவில்லை. புருஷனைப் பார்க்கவும் இல்லை.

“பொதுச்சொத்தை அழியவிட்டவள் மூன்று ஊர் எல்லைக்குள்ளும் இருக்கக் கூடாது. ஆசாரி, நீ சொல்ல ஏதாவது உண்டா?”

மருதாசாரி சும்மா நின்றால் போதும். பேர் நிலைக்கும், கோட்டைக் கதவு அவனுடையதாகும், அவன் கட்டிய கூட்டைப் பிள்ளைகளும் பேரன்களும் பேசுவார்கள். சும்மா நிற்கத்தான் நினைத்தான். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? ஆனால் அவள் தன்னைக் காட்டிக்கொடுக்காமல் நிற்கிறாள் என்பது புரிந்ததும் அவனுக்கு நிற்கவே கூசியது.

“கதவை அவ அடைச்சுத்தான் வச்சிருந்தா சாமி. ஓட்டையைத் தொறந்தவன் நான்” என்றான். முள்ளையும் களிமண்ணையும் சொன்னான். இரண்டு முறை அவள் சொன்னதையும், இரண்டு முறையும் தான் மறுத்ததையும் ஒன்று விடாமல் சொன்னான்.

“அப்படியானால் உன் கைவேலை பழுதா?”

“கட்டுனப்போ பழுது இல்ல சாமி. கட்டுனதுக்கு அப்புறம் நான் ஒருநாளும் குனிஞ்சு பாக்கல.”

பழி சொன்ன மூன்று பேரும் தரையைப் பார்த்தார்கள். அரையன் கோட்டைக் கதவை வெளியூர்த் தச்சன் ஒருவனிடம் கொடுத்தான். மிஞ்சிய மூன்று உயிரையும் சிலம்பாயி கையில் கொடுத்தான். அவள் காட்டுகிற இடத்தையெல்லாம் மருதாசாரி சீர்செய்ய வேண்டும், ஏன் என்று கேட்கக் கூடாது என்றும் சொன்னான்.

வீடு திரும்பும் வழியில் மருதாசாரி மன்னிப்புக் கேட்க வாயெடுத்தான். சிலம்பாயி சேவலை மார்போடு அணைத்துக்கொண்டு முன்னால் நடந்தாள்.

“அதெல்லாம் அப்புறம். மொதல்ல கடப்பாரையை எடுங்க” என்றாள்.

ஒரு பொருளைத் திறமையாகக் கட்டுவதோடு கடமை முடிந்துவிடுவதில்லை; குறையைச் சுட்டும் சொல்லை மதித்து அதை நாள்தோறும் பேணுகிறவரே அதைக் காப்பவர்.