அருவியடியில் குடவரிசை

செல்போனில் அருவியைப் பார்த்துவிட்டு வெளியூர்க் கூட்டம் மொய்த்த மலையூர் அது. கோடையில் அருவி வற்றியது. கூட்டம் கலைந்துவிடுமே என்று நகராட்சித் தலைவர் ஊர்க் குழாய்த் தண்ணீரை உச்சிக்கு ஏற்றிக் கொட்டவிட்டார். பிள்ளைகள் குடிக்கிற தண்ணீரை எடுத்து வேடிக்கை காட்ட மனசு வருமா? அவருக்கு வந்ததே!

இட்லிக் கடை பேச்சிக்கனி தெருப் பெண்களோடு போய், அருவியடியில் குடங்களை வரிசையாக வைத்தாள்.

தலைவர் பாய்ந்து வந்தார். "வீடியோவுல குடம் விழுது, எடுங்கடி! உங்க குழாய்க்கு மோட்டார் ரிப்பேர். இது மலைத் தண்ணி!"

பேச்சிக்கனி ஒரு கை அள்ளி முகர்ந்தாள். "அப்படியா தலைவரே? மலைக்குப் பிளீச்சிங் பவுடர் போட்டது எந்தச் சாமி?"

படம் பிடித்தவர்களும் அள்ளி முகர்ந்தார்கள். செல்போன்கள் எல்லாம் அருவியை விட்டுத் தலைவர் பக்கம் திரும்பின.

சாயங்காலம் அருவி நின்றது. தெருக்குழாயில் தண்ணீர் வந்து, பழையபடி குடச் சண்டை தொடங்கியது.