எருமை விலகிய இடம்

கேள்வி கேட்பதற்கென்றே அந்த ஏரிக்கரைக்கு வந்து சேர்ந்தவர் பூவராகன். தாசில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் குருவாக ஏற்றுக்கொண்ட செங்கமலத்தம்மாளோ அவரைவிட வயதில் மிகவும் சிறியவர். ஏரிக்கரைக் குடிசையில் தனியாக இருந்தார் அந்த அம்மாள். மந்திரம், தியானம் எதுவும் சொல்லித் தருவதில்லை. வருகிறவர்களை மணலில் உட்காரவைத்துப் பறவை பார்க்கச் சொல்வார். பாதிப் பேர் அன்றைக்கே பஸ் ஏறிவிடுவார்கள். பூவராகன் தங்கிவிட்டார்.

வெயில் காலம். தண்ணீர் உள்வாங்கி, கரையோரம் அகலமாக மணல் கிடந்தது. தாராக்கள் நடு ஏரிக்குப் போய்விட்டன. உள்ளான்கள் ஈர மண்ணைக் குத்திக் குத்தி இரை தேடின. காய்ந்த மணலில், கூழாங்கற்களுக்கு நடுவே, ஓர் ஆள்காட்டிக் குருவி அடைகாத்துக்கொண்டிருந்தது. முட்டைகளும் மணல் நிறம்தான். அவை பூவராகன் கண்ணில் படுவதற்கே பல நாள் பிடித்தது. பட்ட பிறகு, காலையில் எழுந்ததும் முதல் வேலையாக அவற்றைத்தான் பார்ப்பார்.

அந்த மணலை நிரவிப் படகுத் துறை கட்டப் போகிறார்கள் என்று ஒருநாள் சேதி வந்தது. மறுநாளே டிராக்டர் வரும்.

விடிந்ததும் பூவராகன் கேட்டார்.

"அம்மா, வலுவில்லாதவன் வலுத்தவனை எப்படித்தான் எதிர்க்கிறது?"

"பைனாகுலரை எடுங்க, சார்."

ஒரு நாய் மணலை மோந்துகொண்டே கூட்டை நோக்கி வந்தது. ஆள்காட்டி சத்தமில்லாமல் எழுந்து கொஞ்ச தூரம் நடந்தது. பிறகு, சிறகு ஒடிந்துபோன மாதிரி மணலில் இழுத்துக்கொண்டு கத்தியது. நாய்க்கு நாக்கில் நீர் ஊறியிருக்க வேண்டும். கூட்டை விட்டுவிட்டுப் பறவையைத் துரத்தியது. வெகுதூரம் போனதும் பறவை ஜம்மென்று பறந்துவிட்டது.

பூவராகன் தொடையில் தட்டினார். "புரிஞ்சுபோச்சும்மா! ஏமாத்தணும்!"

"இன்னும் கொஞ்சம் பாருங்க."

அவர் எங்கே பார்த்தார்? டிராக்டர் சத்தம் கேட்டதும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். ஓட்டிவந்தவன் பெயர் வேலப்பன்.

"தம்பி, இந்தப் பக்கம் புதைமணல். வண்டி மாட்டிக்கும். வடக்குக் கரையில போய் நிரவு."

"நேத்தே நடந்து பார்த்துட்டேன் பெரியவரே. கெட்டியாத்தான் இருக்கு."

"அங்கே மணல் நிறைய கிடக்குப்பா."

"எனக்கெதுக்கு மணலு? இங்கே நிரவச் சொன்னாங்க. டீசல் ஊத்திட்டு நிரவப் போறேன்."

பூவராகன் முகம் தொங்கிப்போய்த் திரும்பினார்.

"ஏமாற மாட்டேங்கறான்மா."

"நாய்க்குப் பசி. அதனால ஏமாந்துச்சு. இவனுக்கு இங்கே என்ன பசி?"

அப்போது எருமை மந்தை ஒன்று தண்ணீருக்கு இறங்கியது. முன்னால் வந்த எருமை நேராகக் கூட்டின் பக்கம் நடந்தது. அதற்கு முட்டைமேல் ஒரு விரோதமும் இல்லை. போகிற வழியில் முட்டை இருந்தது, அவ்வளவுதான்.

கூட்டுக்குத் திரும்பியிருந்த பறவை இந்த முறை நொண்டவில்லை. கூட்டின்மேலேயே எழுந்து நின்று, இரண்டு சிறகையும் விரித்து, எருமையின் மூக்குக்கு நேராகக் கத்தித் தீர்த்தது. ஒரு பிடி கறிகூடத் தேறாத உடம்பு. 'ஓடிடு, ஓடிடு' என்று பூவராகன் வாய்க்குள்ளேயே கெஞ்சினார்.

எருமை நின்றது. ஒருமுறை மூச்சை ஊதியது. பிறகு பக்கவாட்டில் திரும்பி நடந்தது. மந்தை முழுவதும் அதன் பின்னால் விலகிப் போயிற்று.

பூவராகன் பைனாகுலரை இறக்கியபோது பக்கத்தில் அம்மாளைக் காணவில்லை.

டிராக்டர் கிளம்பிவிட்டது. கூட்டுக்குச் சற்று முன்னால், அதன் பாதையில், முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு நின்றார் செங்கமலத்தம்மாள். இரண்டு கையும் விரிந்திருந்தன. ஆள்காட்டிக்கு அவர்மேலும் நம்பிக்கை இல்லை. அவர் தலைக்குமேல் சுற்றிச் சுற்றித் திட்டிக்கொண்டிருந்தது.

"ஒதுங்கும்மா!" வேலப்பன் கத்தினான்.

"முடியாது. முட்டை இருக்கு."

"எங்கே? எனக்கு ஒண்ணும் தெரியலையே. வெறும் மணல்தான் கிடக்கு!"

அம்மாள் சுட்டிக்காட்டவில்லை. கையையும் இறக்கவில்லை.

வண்டி உறுமிக்கொண்டே வந்தது. பூவராகன் கண்ணை மூடிக்கொண்டார். திறந்தபோது முன்சக்கரம் அம்மாளின் கால்விரலுக்கு முன்னால் நின்றிருந்தது. வேலப்பனுக்கு வியர்த்துக் கொட்டியது.

"ஆளுங்களைக் கூட்டிட்டு வரேன். அப்போ நீ எப்படி நிக்கறேன்னு பார்க்கறேன்!"

"கூட்டிட்டு வா. இங்கேதான் இருப்பேன்."

அவன் வண்டியை அங்கேயே விட்டுவிட்டு நடந்தான். பூவராகன் ஓடிவந்தார்.

"அவன் நிறுத்தாம வந்திருந்தா?"

"வந்திருக்கலாம்."

"தெரிஞ்சுமா நின்னீங்க?"

"முட்டை அவன் கண்ணுக்குத் தெரியாது, சார். நான் தெரிவேன்."

கரைமேல் ஆட்கள் வருவது தெரிந்தது. பூவராகன் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. அம்மாளுக்குப் பக்கத்தில் போய் நின்று, இரண்டு கையையும் விரித்தார்.