குணமான கை கட்டிய மாலை

மேகம் மாடத்தில் வந்து படுத்துக்கொள்ளும் ஒரு மலை அரண்மனையில் பூக்கட்டுகிறவள் செங்கமலம். முடிச்சை இறுக்க முடியாதபடி அவள் விரல்கள் மரத்துப்போயின. நாடி பார்த்து மருந்து கொடுத்த அரண்மனை வைத்தியர் ஒரு நாள், "நாடி சரியாகிவிட்டது, நீ குணமாகிவிட்டாய். நாளை சபையில் சொல். மறுத்தால் வேலை போய்விடும்" என்றார்.

மறுநாள் சபையில் வைத்தியரின் கழுத்தில் அவள் ஒரு மாலையைப் போட்டாள்.

"கை குணமா?" என்றார் ராஜா.

"வைத்தியர் ஐயா அப்படித்தான் சொல்கிறார், மகாராஜா. அந்தக் கையால் கட்டிய மாலைதான் இது."

வைத்தியர் பெருமையாகத் தலையாட்டினார். ஆட்ட ஆட்ட, கனவில் பெய்யும் மழைபோலச் சத்தமில்லாமல் மல்லிகை உதிர்ந்தது. கடைசியில் கழுத்தில் வெறும் நார் தொங்கியது.

சபையே அந்த நாரைப் பார்த்தது. வைத்தியர் முதன்முறையாக அவளிடம் கேட்டார்: "கை எப்படியம்மா இருக்கிறது?"

"முடிச்சு இறுகும் அன்றைக்கு நானே வந்து சொல்கிறேன், ஐயா."