ஓணானுக்குச் சைவச் சாப்பாடு

முன்னொரு காலத்தில் என்று சொன்னால் எந்தக் காலம் என்று கேட்பீர்கள். மலையிலிருந்து இறங்குகிற ஓடையில் கோடையிலும் தண்ணீர் கிடந்த காலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஓடைக்கரையில் ஒரு மடம். மடத்தில் உலகம்மை என்று ஒரு ஞானி. அவளுக்கு ஒரே ஒரு சீடர். ஒருத்தர்தான் என்றாலும் பத்துப் பேர் சத்தத்தை அவரே போட்டுவிடுவார்.

சீடர் குருவைவிட வயதில் மூத்தவர். பெயர் ஆவுடையப்பன். டவுனில் வெல்ல மண்டி வைத்திருந்து, மண்டியை மகன்களிடம் விட்டுவிட்டு வந்தவர். மடத்துக்கு வந்த அன்றே தனக்கு ஒரு தீட்சைப் பெயர் வேண்டும் என்று கேட்டார்.

"வரட்டும், பாப்போம்" என்றாள் அம்மை.

பெயர் வரவில்லை. அவள் அவரை அண்ணாச்சி என்றே கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

மண்டியில் இருந்த காலத்தில், வெல்லத்துக்கு வந்த எறும்புகளை அண்ணாச்சி வெந்நீர் ஊற்றிக் கொன்றிருக்கிறார். வயதான பிறகு அந்த நினைப்பு உறுத்தியது. மடத்து வாசலில் நின்று சத்தியம் செய்தார்: "இனிமே என் கையால ஒரு உசிரு போகாது." அன்றிலிருந்து கொசு கடித்தால்கூட, அது குடித்து முடிக்கும்வரை பொறுத்திருந்து அப்புறம்தான் சொறிந்துகொள்வார்.

விரதத்தில் குறை இல்லை. குறையெல்லாம், அவர் உபதேசம் செய்தால் கேட்க ஆள் இல்லை என்பதுதான். அம்மை பாதியில் தூங்கிவிடுவாள். சமையல்காரர் மாடக்கண்ணு, அண்ணாச்சி தொண்டையைச் செருமினதுமே, "ஐயையோ, அடுப்புல என்னமோ கருகுது" என்று எழுந்து ஓடிவிடுவார். அடுப்புப் பற்றவைக்காத நேரத்திலும் அவருக்குக் கருகும்.

அதனால் ஒரு நாள் அண்ணாச்சி கிணற்றுச் சுவரைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார்.

"இந்த உடம்பு இருக்கே, இது நமக்குச் சொந்தமில்ல" என்றார்.

மேலே பறந்துபோன காக்கா வாயைத் திறந்தது. அதன் வாயில் இருந்தது அண்ணாச்சியின் மடியில் வந்து விழுந்தது. ஓணான் குஞ்சு. சுண்டுவிரல் நீளம்கூட இருக்காது. வால் நுனியைக் காக்கா வைத்துக்கொண்டது.

குஞ்சு கண்ணைத் திறந்தது. முன்னங்காலை ஊன்றி எழும்பியது. அண்ணாச்சியைப் பார்த்து மேலும் கீழும் தலையை ஆட்டியது.

அண்ணாச்சிக்குப் புல்லரித்துப் போயிற்று. "சொந்தமில்லதானே?" என்று கேட்டுப் பார்த்தார்.

மறுபடி ஆட்டியது.

அன்றே ஒரு தேங்காய்ச் சிரட்டையில் பஞ்சு வைத்து அதைக் குடியேற்றினார். ஞானக்கொழுந்து என்று பெயரும் வைத்தார். தனக்குக் கிடைக்காததை அதற்குக் கொடுத்ததில் அவருக்கு ஒரு திருப்தி. மாடக்கண்ணுவோ சிரட்டையை எட்டிப் பார்த்துவிட்டு, "இதுவா? ஆமாஞ்சாமில்லா இது!" என்றார். மடத்தில் ஆமாஞ்சாமி என்ற பெயர்தான் நின்றது.

அடுத்து சாப்பாட்டு விஷயம். மடத்துப் பிள்ளை மடத்துச் சாப்பாடுதானே சாப்பிட வேண்டும்? அண்ணாச்சி பால்சோற்றைக் குழைத்து வைத்தார். வாழைப்பழத்தைப் பிசைந்து வைத்தார். மலைத்தேனை ஒரு இலைக் கிண்ணத்தில் ஊற்றி வைத்தார். ஓணான் பால்சோற்றின் மேல் ஏறி அந்தப் பக்கம் இறங்கியது.

"பாத்தீரா மாடக்கண்ணு, என்ன வைராக்கியம்! வாயில படலியே!"

"வைராக்கியமா? என் பால்ல காலைக் கழுவிட்டுப் போகுது வே."

ஏகாதசி வந்தது. அண்ணாச்சி பட்டினி கிடந்தார். ஓணானும் கிடந்தது. துவாதசிக்கு அண்ணாச்சி சாப்பிட்டார். ஓணான் அப்போதும் கிடந்தது. உபதேசத்துக்குத் தலையாட்டுவது குறைந்தது. அண்ணாச்சி அதையும் நல்லதாகவே எடுத்துக்கொண்டார். பிள்ளை இப்போது உள்ளே வாங்கிக்கொள்கிறான் என்றார்.

ஒரு காலையில் பார்த்தால், பச்சையும் பழுப்புமாக இருந்த உடம்பு கறுத்துக் கிடந்தது. இடுப்பெலும்பு தெரிந்தது. ஒரு கண் பாதி மூடியிருந்தது. விரலால் தொட்டால் நகரவில்லை.

அண்ணாச்சி பதறிப்போனார். துளசியை இடித்துச் சாறு எடுத்து, கோழியிறகின் நுனியால் அதன் வாயில் தடவினார். நெற்றியில் திருநீறு வைத்தார். நெற்றி எங்கே முடிகிறது என்று தெரியாததால் முதுகுவரை வைத்தார். அப்புறம் மாடக்கண்ணுவிடம் ஓடினார்.

"கண்ணு பட்டிருக்கு. சுத்திப் போடும்."

"ஓணானுக்கா? எவன் வே கண்ணு வச்சான், காக்காவா?"

சொன்னாலும் மாடக்கண்ணு இரக்கமுள்ளவர். உப்பையும் வற்றல் மிளகாயையும் கையில் எடுத்துச் சிரட்டையைச் சுற்றி அடுப்பில் போட்டார். கமறல் கிளம்பியது. அண்ணாச்சி இருமினார், மாடக்கண்ணு இருமினார், மாட்டுத் தொழுவத்தில் பசு இருமியது. உள்ளே உட்கார்ந்திருந்த அம்மை இருமிக்கொண்டே வெளியே வந்தாள்.

"என்ன அண்ணாச்சி, மடத்தைக் கொளுத்துதீரா?"

அண்ணாச்சி சிரட்டையை அவள் காலடியில் வைத்தார். கண்ணீர் மிளகாயாலா துக்கத்தாலா என்று அவருக்கே தெரியவில்லை.

"அம்மா, பிள்ளை போயிரும் போல இருக்கு. பெத்த தாய் மாதிரி பாத்தேன். ஒண்ணுமே திங்க மாட்டேங்கு."

அம்மை குனிந்து பார்த்தாள்.

"ஓணான் என்ன திங்கும் அண்ணாச்சி?"

அண்ணாச்சி சிரட்டையில் பஞ்சைச் சரிசெய்தார்.

"தெரியாதா?"

"தெரியும்."

"என்ன?"

"பூச்சி" என்றார், கெட்ட வார்த்தை சொல்கிறவர்போல.

"தோட்டத்துல பூச்சிக்கா பஞ்சம்?"

"அம்மா, என் விரதம்... என் கையால ஒரு உசிரு போகாதுன்னுல்லா சொல்லிட்டேன். அதுக்காக ஒண்ணு கேக்கேன், கோவப்படக் கூடாது. நீங்க ஒரு வெட்டுக்கிளியப் புடிச்சுக் குடுத்தா என்ன? நீங்க ஞானி. உங்களுக்குப் பாவம் ஒட்டாது."

"ஒட்டாதுன்னு யாரு சொன்னா? தொட்டுப் பாத்தீரா?"

அண்ணாச்சி மாடக்கண்ணு பக்கம் திரும்பினார்.

"என்னைப் பாக்காதியும்" என்றார் மாடக்கண்ணு. "உமக்குச் சொர்க்கம், எனக்கு நரகமா? நல்ல கதையா இருக்கே."

அம்மை உள்ளே போய்விட்டாள்.

அண்ணாச்சி வியாபாரம் பார்த்த ஆள். எந்தக் கதவு சாத்தினாலும் இன்னொரு வழி இருக்கும் என்று நம்புகிறவர். யோசித்தார். கொல்லத்தானே கூடாது? தானாகச் செத்தால்?

தோட்டத்தில் அலைந்து, ஒரு கிழட்டு வெட்டுக்கிளியைக் கண்டுபிடித்தார். பின்னங்கால் ஒன்று இல்லை. சிறகு கிழிந்திருந்தது. கத்தரிச் செடியில் ஆடாமல் உட்கார்ந்திருந்தது. அண்ணாச்சி அதன் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

மாடக்கண்ணு தண்ணீர் எடுக்க வந்தவர் நின்றார். "அங்க என்ன வே பண்ணுதீரு?"

"ஸ்ஸ். பெரியவரு கடைசிக் காலத்துல இருக்காரு."

"அதுக்கு?"

"துணைக்கு இருக்கேன்."

"துணைக்கு இருக்கீரா, எப்பம்டா போவான்னு இருக்கீரா?"

அண்ணாச்சிக்கு முகம் சுண்டிப்போயிற்று. என்றாலும் எழுந்திருக்கவில்லை. நல்ல சாவாக வரட்டும் என்று வெட்டுக்கிளிக்கு உபதேசம் செய்தார். இந்த உடம்பு நமக்குச் சொந்தமில்லை என்று ஆரம்பித்து விரிவாகவே சொன்னார். வெட்டுக்கிளி கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு ஒற்றைக் காலால் ஒரு உந்து உந்தி, வேலியைத் தாண்டிப் போயே போய்விட்டது.

கடைசியில், சிலந்தி வலையில் காய்ந்து தொங்கிய ஒரு அந்துப்பூச்சி கிடைத்தது. பாவம் சிலந்தியோடது, பூச்சி நம்மோடது என்று சந்தோஷமாகக் கொண்டுவந்து ஓணானின் வாய்க்கு நேரே வைத்தார். ஓணான் பார்க்கக்கூட இல்லை. அசையாததை அது சாப்பாடு என்றே நினைக்காது. நூலில் கட்டி ஆட்டினார். சிறகு உதிர்ந்து நூல்தான் மிஞ்சியது.

மறுநாள் விடிந்தபோது ஓணானின் இரண்டு கண்ணும் மூடியிருந்தன. வயிறு மட்டும் லேசாக ஏறி இறங்கியது. ஏறினால் இறங்குவதற்கு நேரமாயிற்று. இறங்கினால் ஏறுவதற்கு அதைவிட நேரமாயிற்று.

அண்ணாச்சி சிரட்டையைத் தூக்கிக்கொண்டு போய் அம்மையின் முன்னால் உட்கார்ந்தார். உபதேசம் வரவில்லை. தந்திரமும் வரவில்லை.

"என்ன செய்யணும்னு தெரியல" என்றார்.

அம்மை எழுந்தாள். "இப்பமாவது சொன்னீரே. அந்தத் தேனையும் எடுத்துக்கிட்டு வாரும்" என்றாள்.

ஓடைக்கரையில் ஒரு பாறை உண்டு. காலை வெயில் முதலில் அதன்மேல்தான் விழும். அம்மை அண்ணாச்சியை அதில் உட்காரவைத்தாள்.

"கையை நீட்டும்."

நீட்டினார். அம்மை ஓணானை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். ஓணான் தொடாத தேனை விரலில் தொட்டு, அவர் மணிக்கட்டைச் சுற்றித் தடவினாள். புறங்கையைப் பாறையில் படிய வைத்தாள்.

"அசையாம இரும்."

வெயில் ஏறியது. பாறை சுட்டது. ஓணானின் கறுப்பு மெல்ல வெளுத்தது. அண்ணாச்சிக்கு முகம் மலர்ந்தது. வெயில்தான் மருந்து போலிருக்கிறது, யாருக்கும் சேதமில்லை என்று நினைத்தார்.

அப்போது பாறை இடுக்கிலிருந்து ஒரு எறும்பு வந்தது.

அது விரல் நுனியில் ஏறியது. ரேகை ரேகையாக நின்று மோந்து பார்த்தது. பின்னாலேயே இன்னொன்று. பிறகு வரிசை.

"அம்மா! எறும்பு!"

"ம்."

"ஊதிரட்டுமா?"

"ஊதும். ஓணான் சாகும்."

"அப்பம் ஊதல."

"ஊதாதியும். எறும்பு சாகும்."

அண்ணாச்சிக்கு நெற்றியில் வியர்த்தது. "நான் கையை எடுத்துருதேன் அம்மா. ரெண்டுலயும் எனக்குப் பங்கு வேண்டாம்."

"எடும். எடுத்து எங்க கொண்டுபோய் வைப்பீரு?"

அண்ணாச்சி கையைப் பார்த்தார். ஓடையைப் பார்த்தார். மறுபடி கையைப் பார்த்தார். கை இருந்த இடத்திலேயே இருந்தது.

முதல் எறும்பு தேனைத் தேடி உள்ளங்கை நடுவுக்கு வந்தது. ஓணானின் மூக்குக்கு முன்னால் நின்று மீசையை ஆட்டியது. ஓணானின் ஒரு கண் திறந்தது. அந்தக் கண் மட்டும் மெதுவாகத் திரும்பியது.

அண்ணாச்சி தன் இரண்டு கண்ணையும் இறுக்கி மூடிக்கொண்டார்.

உள்ளங்கையில் ஈரமாக ஏதோ ஒன்று தட்டியது. அவ்வளவுதான். மழைத்துளி விழுந்த மாதிரி.

கண்ணைத் திறந்தபோது எறும்பு இல்லை. ஓணானின் தொண்டை ஒருதரம் அசைந்தது.

"தின்னுட்டு!" என்று கத்தினார். உடனே, "ஐயோ, தின்னுட்டே" என்றார். இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னதால் மாடக்கண்ணு மடைப்பள்ளியிலிருந்து கரண்டியோடு ஓடிவந்துவிட்டார்.

"என்ன ஆச்சு? சந்தோஷமா, சாவுத் துட்டியா?"

"தெரியலியே மாடக்கண்ணு" என்றார் அண்ணாச்சி. அவர் கன்னத்தில் தண்ணீர் வழிந்தது. இன்று அடுப்பில் மிளகாய் இல்லை.

அடுத்த எறும்பு அவர் மணிக்கட்டைக் கடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அசையாமல் இருந்தார். கடிக்கட்டும் என்று நினைத்தார். அது கடிப்பதுதான் நியாயம் என்றுகூட இருந்தது.

அதன்பிறகு தினமும் வெயில் ஏறும்போது அண்ணாச்சி பாறைக்குப் போனார். கையை நீட்டி உட்கார்ந்தார். இப்போதெல்லாம் அவர் கண்ணை மூடுவதில்லை. ஒவ்வொரு எறும்பும் வருவதைப் பார்த்தார், போவதையும் பார்த்தார். பேச்சு குறைந்துபோயிற்று. அடுப்பில் ஒன்றும் கருகாத நாட்கள் வந்ததால், அவருக்கு உடம்புக்குச் சுகமில்லையோ என்று மாடக்கண்ணு பயந்தார்.

ஓணான் தேறியது. நிறம் திரும்பியது. இடுப்பெலும்பு மறைந்தது. வால் நுனியில் இருந்த புண் ஆறியது. ஒரு நாள் காலையில் அம்மையும் பாறைக்கு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். ஓணான் உள்ளங்கையில் எழும்பி நின்றது. அண்ணாச்சியின் கட்டைவிரலைப் பூச்சி என்று நினைத்ததோ என்னவோ, நறுக்கென்று ஒரு கடி கடித்தது. அவர் "ஆ" என்று வாயெடுப்பதற்குள் பாறையில் குதித்து, கள்ளி வேலிக்குள் புகுந்துவிட்டது. ஒரு கிளை ஆடியது. அப்புறம் அதுவும் நின்றது.

அண்ணாச்சி வேலியையே பார்த்துக்கொண்டிருந்தார். ஓணான் திரும்பி வருவதாக இல்லை.

"போயிட்டு அம்மா."

"போயிட்டு."

"பொழச்சுப் போயிட்டு" என்று அதையே இன்னொரு விதமாகச் சொல்லிப் பார்த்தார்.

"ஆமா."

அண்ணாச்சி வேலியிலிருந்து கண்ணை எடுத்தார்.

"அம்மா, ஒண்ணு கேக்கணும். என் விரதம் உடைஞ்சிட்டா, இருக்கா?"

"எறும்பைக் கேட்டா உடைஞ்சிட்டுன்னு சொல்லும். ஓணானைக் கேட்டா, அப்பிடி ஒண்ணு இருந்துச்சான்னு கேக்கும்."

"நீங்க என்ன சொல்லுதிய?"

அம்மை பாறையிலிருந்து எழுந்தாள். சேலையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினாள்.

"கையை மடக்கும் அண்ணாச்சி. எறும்பு இன்னும் ஏறிக்கிட்டு இருக்கு."

அவள் மடத்தைப் பார்த்து நடந்தாள்.

அண்ணாச்சி குனிந்து பார்த்தார். நீட்டின கை நீட்டினபடியே இருந்தது. விரல் வழியாக வரிசை ஏறிக்கொண்டிருந்தது. ஒவ்வொன்றாக ஊதிப் பாறையில் இறக்கிவிட்டார். மணிக்கட்டை ஓடையில் கழுவினார். கையை மடக்கினார். எழுந்து போனார்.