காபி ஆறுவதற்குள்

இளவயதில் ஒரு பல்கலைக்கழகக் கணினிக்குள் புகுந்து மதிப்பெண்களைத் திருத்திச் சிறைக்குப் போனவன் ஜெபசிங். வெளியே வந்ததும், கம்பெனிகளின் கணினிப் பாதுகாப்பைச் சோதித்துச் சொல்லும் தொழிலில் இறங்கினான். பழைய வழக்கைக் கேட்டதுமே பலர் கதவைச் சாத்தினார்கள். சென்னையில் ஒரு நிதி நிறுவனம் மட்டும் கூப்பிட்டது.

அதன் தலைவர் மாசிலாமணி அதிகாரிகள் முன்னால் அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"என் கம்ப்யூட்டரைத் தொடாம என் பாஸ்வேர்டைச் சொல்லு. இந்தக் காபி ஆறுறதுக்குள்ள சொல்லலேன்னா நடையைக் கட்டு."

"ஆகட்டும் சார். உங்க பேச்சுல எங்க பாளையங்கோட்டை வாடை அடிக்குதே?"

மாசிலாமணியின் முகம் மலர்ந்தது. "அங்கதான்யா காலேஜ் படிச்சேன்! எழுபத்தெட்டுல ஒரு புல்லட் வாங்கினேன். ராணின்னு பேரு வச்சேன். சாயங்காலமானா நானும் ராணியும் ஆத்துப் பாலத்துலதான் நிப்போம்."

அந்தப் பாலத்துக் காற்று ஜெபசிங்குக்கும் தெரியும். சிறையில் அவன் அதிகம் ஏங்கியது அதற்குத்தான். மெதுவாகக் கேட்டான்.

"ராணி எழுபத்தெட்டுதானே சார்?"

மாசிலாமணி கோப்பையைக் கீழே வைத்தார். கோபம் வரவில்லை.

"வண்டி போய் எத்தனையோ வருஷமாச்சு. தினமும் அவ பேரையாவது தட்டிக்கிட்டிருந்தேன். அதையும் மாத்தணுமா?"

"மாத்தித்தான் ஆகணும் சார். இனிமே வாய்விட்டே கூப்பிடுங்க. என்னை மாதிரி ஊர்க்காரங்க அவ கதையைக் கேக்க ஆசைப்படுவாங்க."

"அப்ப நாளையிலேருந்து நீ இங்க வந்துடு," என்றார் மாசிலாமணி.